ஆமை புகுந்த குளம்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாக. இதைக் கொண்டுபோய்க் கோயில் குளத்துல விட்டுருங்கய்யா, புண்ணியமாப் போவும்."

எங்கள் பில்டிங்கின் மூன்றாவது மாடியில் இருக்கும் ஆச்சி, போன மாதம் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தபோது சொன்ன வார்த்தை இது. ஆச்சிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மும்பைக்கு வந்து ஐம்பது வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை, பழமொழியும் மறக்கவில்லை.

ஆச்சி குறிப்பிட்டது என் பேரனின் ஆமையை. நான்கு வருஷத்துக்கு முன்னால் வண்ண மீன் விற்கும் கடையில் அடம்பிடித்து வாங்கியது. அப்போது அது பழைய எட்டணாக் காசைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பச்சைப் பசேலென்று இருக்கும். கண்ணுக்குப் பின்னால் குங்குமம் தீற்றியதுபோல ஒரு சிவப்புக் கோடு. இப்போது டிபன் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. தொட்டியில் திரும்பிப் படுக்க இடமில்லை. இரண்டு நாளைக்கொருமுறை தண்ணீர் மாற்றாவிட்டால் ஹால் முழுவதும் நாற்றம். மருமகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் வீட்டில் எல்லோருமாகக் கூடி, வரும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயில் குளத்தில் விட்டுவிடுவதென்று முடிவு செய்தார்கள். நான் ஒருவன்தான் வேண்டாம் என்றேன்.

"ஏன் தாத்தா? குளத்துல அது ஜாலியா இருக்குமே!" என்றான் பேரன்.

அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதில் ஜப்பான் வருகிறது. ஜப்பானியச் சித்திரங்கள் வருகின்றன. நான் செய்த ஒரு தவறும் வருகிறது.

ஒஸாகாவில் ஒரு குளம்

1994-இல் என் கம்பெனி என்னை ஆறு மாதப் பயிற்சிக்காக ஒஸாகா நகரத்துக்கு அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகாது. சைவச் சாப்பாட்டுக்கும் வழி கிடையாது. பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஷிதென்னோஜி என்ற கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். புத்த மதத்தை ஜப்பானில் வேரூன்றச் செய்த இளவரசர் ஷோதோகு 593-இல் எழுப்பத் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோயில் அது. அங்கே ஒரு குளம். பெயரே 'ஆமைக் குளம்'. நடுவில் ஒரு கல்மேடை. சுற்றிலும் ஆமைகள், ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி, கழுத்தை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த வயதான இன்ஜினியர் ஒருநாள் கூட வந்திருந்தார். "நாரைக்கு ஆயிரம் வருஷம், ஆமைக்குப் பத்தாயிரம் வருஷம்" என்று தங்கள் ஊர்ப் பழமொழியைச் சொன்னார். கல்யாணம், புத்தாண்டு, முதியவர்களின் பிறந்தநாள் எதுவானாலும் ஆமைப் படம் இல்லாமல் இருக்காதாம். எங்கள் ஊரில் ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் விளங்காது என்பார்கள் என்று நான் சொன்னதும் மனிதர் திகைத்துப் போய்விட்டார். பெருமாள் கூர்மாவதாரம் எடுத்ததையும், ஐம்புலன்களை அடக்குவதற்கு வள்ளுவர் ஆமையையே உவமை காட்டியதையும் சொல்லித்தான் நம் மானத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஒரே பெயர், பல பிறவி

இங்கிலீஷில் கடலில் வாழ்வதற்கு ஒரு பெயர், நிலத்தில் வாழ்வதற்கு ஒரு பெயர், குளத்தில் வாழ்வதற்கு ஒரு பெயர் என்று பிரிப்பார்கள். நமக்கு எல்லாமே ஆமைதான். ஜப்பானியருக்கும் அப்படியே, எல்லாமே 'கமே'.

ஓட்டை ஆமை சட்டைபோல மாட்டிக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றாகச் சேர்ந்ததுதான் மேலோடு. அதை விட்டு ஆமை வெளியே வர முடியாது. எலும்பின்மேல் நம் நகம் போன்ற பொருளாலான தகடுகள் மூடியிருக்கின்றன. பெரும்பாலான ஆமைகளில் முதுகின் நடுவில் ஐந்து, இரு பக்கமும் நான்கு நான்கு, ஆக 13 பெரிய தகடுகள். சுற்றிலும் ஓரத்தில் சிறு தகடுகள். நடுத் தகடுகள் அறுகோண வடிவில் இருக்கும். இந்த அறுகோணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஆமைக்குப் பல் கிடையாது. கிளிக்கு இருப்பதுபோல அலகுதான். தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. அதனால்தான் அந்த வெயில் காய்தல். வெயில் காயக் கல்லோ கட்டையோ கிடைக்காத ஆமைக்கு உணவு சரியாகச் செரிக்காது. ஓட்டில் நோயும் வரும். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானுக்கே உரிய குளத்து ஆமை ஒன்று உண்டு. பெயர் 'இஷிகமே', அதாவது கல் ஆமை. ஹொன்ஷு, ஷிகொகு, கியுஷு தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. மலையடிவார ஓடைகளும் நெல்வயல் வாய்க்கால்களும் அதன் வீடு. குளிர்காலத்தில் தண்ணீருக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும். அதன் குஞ்சு வட்டமாகக் காசுபோல இருப்பதால் அதைக் 'காசு ஆமை' என்றே அழைத்தார்கள். என் பேரனின் ஆமையை நான் எட்டணாவோடு ஒப்பிட்டது புதுமையல்ல.

'குசகமே' என்று இன்னொன்று இருக்கிறது. 'நாற்ற ஆமை' என்று பொருள். பிடித்தால் துர்நாற்றம் விடும். இதுவும் உள்ளூர் ஆமைதான் என்றே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 2011-இல் வெளியான மரபணு ஆய்வு, ஜப்பானில் உள்ளவை பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்தவை என்று காட்டியது. உள்ளூர்க்காரர் யார், வெளியூர்க்காரர் யார் என்ற கேள்வி ஆமை விஷயத்திலும் அவ்வளவு சுலபமில்லை!

பாசி வளர்ந்த வால்

ஜப்பானியக் கலையில் ஆமை நுழைந்தது மிகப் பழைய காலத்தில். இளவரசர் ஷோதோகு 622-இல் மறைந்தபோது அவர் போய்ச் சேர்ந்த சொர்க்கத்தைக் காட்டும் பூவேலைத் திரை ஒன்றைத் தைக்கச் செய்தார்கள். அதில் நூறு ஆமைகள். ஒவ்வோர் ஆமையின் முதுகிலும் நான்கு எழுத்துகள். நூறு ஆமைகளையும் வரிசையாகப் படித்தால் நானூறு எழுத்துகளில் அந்தத் திரை உண்டான கதை கிடைக்கும். நாரா பக்கத்தில் ச்சூகூஜி என்ற கோயிலைச் சேர்ந்த அந்தத் திரையில் இன்று கந்தல் துண்டுகள்தான் மிச்சம். அவற்றிலும் சில ஆமைகள் பிழைத்திருக்கின்றன.

சீனத்திலிருந்து வந்த நம்பிக்கைப்படி வடதிசைக்குக் காவல் ஓர் ஆமை. அதன் உடலைப் பாம்பு சுற்றியிருக்கும். அசுகா என்ற ஊரில் கிதோரா கல்லறையைத் திறக்காமலே 1983-இல் சிறு துளை வழியாகக் காமிராவை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே வடக்குச் சுவரில் இந்த ஆமையும் பாம்பும் வண்ணம் மங்காமல் நின்றன. சுமார் 1300 வருஷத்துச் சித்திரம்.

ஆனால் ஜப்பானியர் மிகவும் விரும்பி வரைந்தது 'மினோகமே'. 'மினோ' என்றால் வைக்கோலால் பின்னிய மழையங்கி. விவசாயிகள் முதுகில் போட்டுக்கொள்வார்கள். அதுபோலப் பின்னால் நீண்ட மயிர் தொங்கும் ஆமையைப் பட்டுத் திரையிலும், அரக்குப் பெட்டியிலும், வாள் உறையிலும், கல்யாணக் கிமோனோவிலும் காணலாம். நான் முதலில் இதைக் கற்பனை மிருகம் என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. நன்னீர் ஆமைகள் சிலவற்றின் ஓட்டில் உண்மையாகவே பாசி பற்றி வளரும். நீந்தும்போது இழை இழையாகப் பின்னால் அலையும். பாசி படியும் அளவுக்கு வயதானது என்று கண்ட கண்கள் அதை நீள் ஆயுளுக்கு அடையாளமாக்கிவிட்டன. பத்தாயிரம் வருஷம் மட்டும் கற்பனை.

வெண்கலத்தில் ஆமை வார்ப்பதற்கென்றே பெயர் பெற்றவர் முராத்தா ஸெய்மின் (1761–1837). இடுப்புக் கச்சையில் பை தொங்கவிடும் சிறு தந்தக் குமிழ்களிலும் ஆமைக்குப் பஞ்சமில்லை. முன்பு சொன்ன அறுகோணம் துணியிலும், குடும்பச் சின்னங்களிலும் வந்து உட்கார்ந்தது. கிக்கோமான் என்ற சோயா சாஸ் பாட்டிலைப் பெரிய கடைகளில் பார்த்திருப்பீர்கள். 'கிக்கோ' என்றால் ஆமை ஓடு. 'மான்' என்றால் பத்தாயிரம். பழமொழியையே பாட்டிலில் அடைத்துவிட்டார்கள்.

கயிற்றில் தொங்கும் ஆமை

இத்தனையிலும் என் மனதை விட்டுப் போகாத படம் ஒன்றே ஒன்று. ஹிரோஷிகே என்ற ஓவியர் எடோ நகரின் (இன்றைய டோக்கியோ) காட்சிகளை மரக்கட்டை அச்சில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களாக வெளியிட்டார். அவற்றில் ஒன்று 1857-இல் வந்த 'ஃபுகாகாவா மன்னென் பாலம்'. மன்னென் என்றாலும் பத்தாயிரம் வருஷம்தான். ஆனால் படத்தில் பாலம் முழுதாகத் தெரியாது. கண்ணுக்கு நேரே, படத்தையே அடைத்துக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஓர் ஆமை. அதற்குப் பின்னால் சுமிதா நதி, படகுகள், தூரத்தில் ஃபூஜி மலை.

பார்த்தவுடன் சிரிப்பு வரும். விஷயம் தெரிந்தால் சிரிப்பு வராது. புத்த மதத்தில் 'ஹோஜோயே' என்று ஒரு சடங்கு. பிடிபட்ட உயிர்களை விடுதலை செய்தால் புண்ணியம். ஜனங்கள் மீனையும் பறவையையும் ஆமையையும் காசு கொடுத்து வாங்கித் தண்ணீரிலும் வானத்திலும் விடுவார்கள். அதற்காகவே வியாபாரிகள் ஆமைகளைப் பிடித்துவந்து பாலத்தருகே கட்டித் தொங்கவிடுவார்கள். ஒருவர் புண்ணியம் தேடுவதற்காக இன்னொருவர் அதைப் பிடிக்கிறார். ஹிரோஷிகே கண்டித்து ஒன்றும் எழுதவில்லை. அந்த ஆமையை மட்டும் நம் கண்முன் தொங்கவிட்டுப் போய்விட்டார். அதன் கண் ஃபூஜி மலைப் பக்கம் பார்க்கிறதோ, தண்ணீரைப் பார்க்கிறதோ, நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அதே காலத்தில் குனியோஷி என்ற ஓவியர் வேறு விதமாக விளையாடினார். ஆடம்பரத்தை ஒழிக்கிறோம் என்று அரசாங்கம் 1842-இல் நாடக நடிகர்களின் படங்களைத் தடை செய்தது. அவர் ஆமைக் கூட்டத்தை வரைந்து, ஒவ்வோர் ஆமைக்கும் ஒரு பிரபல நடிகரின் முகத்தை வைத்தார். பெயர் எங்கும் இல்லை. ரசிகர்களுக்கு முகம் போதாதா?

அழகு ஆபத்தாகவும் முடிந்தது. அழுங்காமை என்ற கடலாமையின் ஓட்டிலிருந்து சீப்பு, கொண்டை ஊசி, கண்ணாடிச் சட்டம் செய்யும் கைத்தொழில் நாகசாகி நகரில் கொடிகட்டிப் பறந்தது. அவ்வளவு ஓடும் ஜப்பான் கரையில் கிடைக்காது. வெப்பக் கடல் நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக வந்தது. உலக நாடுகளின் நெருக்குதலுக்குப் பிறகு 1992 முடிவோடு இறக்குமதி நின்றது. நீள் ஆயுளின் சின்னம் என்று போற்றிய பிராணியின் ஆயுளைக் குறைத்தே அந்தச் சீப்புகள் பிறந்தன.

நான் செய்த புண்ணியம்

இனி என் கதை. ஒஸாகாவில் ஒரு கோடைத் திருவிழா இரவு. தெருவோரக் கடையில் ஒரு தொட்டி நிறையப் பச்சை ஆமைக் குஞ்சுகள். 'மிதோரிகமே' என்றார்கள், பச்சை ஆமை. விலையும் மலிவு. ஊரை விட்டு வந்த தனிமையில் ஒன்றை வாங்கி ஹாஸ்டல் அறையில் பிளாஸ்டிக் டப்பாவில் வளர்த்தேன். தமிழில் பேசுவதற்கு அது ஒன்றுதான் எனக்குத் துணை. பயிற்சி முடிந்து கிளம்பும்போது அதை என்ன செய்வது? ஆமைக் குளம்தான் இருக்கிறதே! ஒரு மாலை நேரம் யாரும் பார்க்காதபோது அதைக் குளக்கரையில் இறக்கிவிட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன். விமானத்தில் ஏறும்போது மனம் நிறைந்திருந்தது. ஓர் உயிருக்கு விடுதலை கொடுத்த புண்ணியம்!

அந்தப் பச்சைக் குஞ்சு ஜப்பானைச் சேர்ந்ததே அல்ல. அமெரிக்காவில் மிசிசிப்பி நதிப் பக்கத்து ஆமை. 1950-களின் கடைசியிலிருந்து குஞ்சுகளாக இறக்குமதியாகி, 1960-களில் மிட்டாய்க்குப் பரிசாகக்கூடக் கொடுக்கப்பட்டது. 1990-களில் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் வந்து இறங்கின. குஞ்சாக இருக்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். வளர்ந்தால் ஓட்டின் நீளமே ஓர் அடியைத் தொடும். முப்பது வருஷம்கூட வாழும். அலுத்துப்போன குடும்பங்கள் என்ன செய்தன? என்னைப் போலவே குளத்திலும் ஆற்றிலும் விட்டுவிட்டுக் கும்பிட்டன.

இந்த ஆமை இஷிகமேயைவிடப் பெரிதாக வளரும், அதிக முட்டை இடும், கண்டதையும் தின்னும். வெயில் காயும் கல்லை முதலில் பிடித்துக்கொள்வதும் அதுதான். முன்பு சொன்னேனே, வெயில் கிடைக்காத ஆமை நோயில் விழும் என்று. தாமரைத் தண்டுக்காகப் பயிரிடும் வயல்களிலும் புகுந்து மேய்ந்துவிடும். இன்னொரு பக்கம் இஷிகமே குசகமேயோடு கலந்து கலப்பினமாகவும் மாறிவருகிறது. வாய்க்கால்கள் சிமெண்டு பூசப்பட்டதும் சேர்ந்து, ஜப்பானின் சொந்த ஆமை அரிதாகிவிட்டது. 2013-இலிருந்து அதன் சர்வதேச வியாபாரத்துக்கே கட்டுப்பாடு வந்துவிட்டது. பட்டிலும் வெண்கலத்திலும் வாழும் பிராணி ஓடையில் குறைந்துகொண்டு வருகிறது.

2023 ஜூன் முதல் தேதியிலிருந்து சிவப்புக் காது ஆமையை விற்பதும், வெளியில் விடுவதும் ஜப்பானில் சட்டப்படி குற்றம். வீட்டில் ஏற்கெனவே வளர்ப்பவர்கள் தொடர்ந்து வளர்க்கலாம். சாகும்வரை காப்பாற்றுங்கள் என்பதுதான் அரசாங்கத்தின் வேண்டுகோள். இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1994-இல் நான் விட்டது ஒரே ஒரு குஞ்சுதான். ஆனால் ஒவ்வொருவரும் ஒன்றுதானே விட்டிருப்பார்கள்?

இது ஜப்பானோடு நிற்கும் கதையும் அல்ல. இதே அமெரிக்க ஆமை 2018-இல் குவாஹாட்டியின் உக்ரதாரா கோயில் குளத்தில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. யாரோ ஒரு குடும்பம், புண்ணியம் என்று நினைத்து விட்டிருக்கும். நம் நாட்டுக்கே உரிய குளத்து ஆமைகள் பல ஏற்கெனவே அழிவின் விளிம்பில் இருக்கின்றன.

விடுவதும் வளர்ப்பதும்

ஜப்பானிடமிருந்து கெட்ட உதாரணம் மட்டும் சொன்னால் நியாயமில்லை. ஷிகொகு தீவில் ஹிவாஸா என்ற கடற்கரை ஊர். அங்கே பெருந்தலைக் கடலாமைகள் கரையேறி முட்டையிடும். 1950-இல் அவ்வூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆமைகள் வரும் நாளையும் இடும் முட்டையையும் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். அந்த வருஷம் பொரிந்த குஞ்சு ஒன்றை வளர்த்தார்கள். ஹமதாரோ என்று பெயரிடப்பட்ட அந்த ஆமை எழுபது வயதையும் தாண்டியது. வயது திட்டமாகத் தெரிந்த கடலாமைகளில் மிக மூத்ததாக அதைச் சொல்கிறார்கள்.

இந்த இனத்துக் குஞ்சுகள் ஜப்பான் மணலிலிருந்து கிளம்பிப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து மெக்சிகோ கரைக்குப் போய் வளர்ந்து திரும்புகின்றன. 1996-இல் மெக்சிகோவில் கருவி பொருத்தி விட்ட ஓர் ஆமை, ஏறக்குறைய ஒரு வருஷத்தில் 11,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி ஜப்பான் பக்கம் வந்து சேர்ந்தது. அதற்குப் போகும் இடம் தெரியும். நாம் கொண்டுபோய் விடும் ஆமைக்கு எதுவும் தெரியாது.

இதையெல்லாம் பேரனுக்குச் சொன்னேன். பெரிய கண்களை வைத்துக்கொண்டு கேட்டான். கடைசியில், "அப்ப நீ தப்புப் பண்ணிட்டியா தாத்தா?" என்றான். ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் குளத்துக்குப் போகவில்லை. பால்கனியில் பெரிய சிமெண்டுத் தொட்டி ஒன்று வந்தது. வெயில் காய ஒரு கருங்கல் போட்டோம். தண்ணீர் வடிக்கக் குழாய் வைத்ததில் நாற்றமும் குறைந்தது. மருமகள் முகம் பாதி தெளிந்திருக்கிறது. அந்த ஆமை இன்னும் இருபது வருஷம் சுலபமாக இருக்கும். நான் இருப்பேனா என்று சொல்ல முடியாது. "எனக்கப்புறம் இது உன் பொறுப்பு" என்று பேரனிடம் சொல்லியிருக்கிறேன். காலண்டரில் தண்ணீர் மாற்றும் நாளை இப்போது அவனே குறித்துவைக்கிறான்.

உங்கள் வீட்டிலும் சிவப்புக் காது ஆமை இருந்தால், தயவுசெய்து குளத்திலோ ஏரியிலோ விடாதீர்கள். வளர்க்க முடியாவிட்டால் வளர்க்கக்கூடியவரைத் தேடி ஒப்படையுங்கள். இதுவரை வாங்காதவர்கள் வாங்காமலே இருந்துவிடுங்கள். நட்சத்திர ஆமை முதலிய நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பதோ சட்டப்படியே குற்றம்.

ஆச்சியிடமும் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்கள். "ஆமை புகுந்த வீடுன்னா இந்த ஆமை இல்லய்யா. பொறாமை, கல்லாமை, முயலாமை... அதைத்தான் பெரியவுக சொல்லி வச்சாக" என்றார்கள்.

அந்த வரிசையில் அறியாமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஆச்சி என்றேன். 1994-இல் ஒஸாகாவில் என் கூடவே அந்தக் குளக்கரைக்கு வந்த ஆமை அதுதான்.